வெளியே போன கண்ணன் பாதம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் வகுப்பறைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தீபாவளிக்கு வண்ணக் காகிதத்தில் விளக்கு செய்து தொங்கவிட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்கு அட்டைப் பானை. யாரோ ஒரு கெட்டிக்காரர் மூங்கில் குச்சியில் கரும்பு செய்து, அதற்குத் தோகைகூட ஒட்டியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். பண்டிகை வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டே இல்லாத பள்ளிக்கூடம் எனக்கு என்றைக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லி முடித்த பிறகு, "அப்போ இதெல்லாம் வேண்டாங்கிறீங்களா டீச்சர்?" என்று எவராவது எழுந்து கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உங்களில் ஒருவர் காலையில் கேட்டார், இத்தனை வருஷ வேலையில் எதற்கு ரொம்பப் பயந்தீர்கள் என்று. இன்ஸ்பெக்டர் வந்த கதை சொல்வேன், ஊரடங்கு நேரத்தில் எஸ்டேட் பள்ளிக்கு சைக்கிளில் போன கதை சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் பயமே இல்லை. இன்ஸ்பெக்டர் கத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். நான் பயந்தது மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு பகல் பொழுதில், கண்ணன் பிறந்த நாளன்று. இன்றைக்கும் அரிசி மாவைக் கரைக்கும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது. மலாக்கா டவுன் முழுக்க வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஏணியும் கொடியும் கயிறும். என்னை எஸ்டேட் பள்ளியிலிருந்து மாற்றி டவுனுக்கு அனுப்பியிருந்தார்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய வகுப்பைப் பெரிய வாத்தியார் பார்த்துக்கொள்வார், இந்தப் பக்கம் சின்ன வகுப்புகள் என் பாடு. முனிசிபல் ரோட்டு வேலைக்காரர்கள் பிள்ளைகள், துணிக்கடைச் சிப்பந்திகள் பிள்ளைகள், மாட்டு வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே கலகலப்பு.

அந்தக் கூட்டத்தில் செட்டி கம்போங்கிலிருந்து, மலாக்காச் செட்டிகள் குடியிருப்பிலிருந்து, ஒரே ஒரு பெண் பிள்ளை. சிவகாமி என்று பெயர், ஏழு வயது. செட்டி வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கும்பிடுகிற சாமி நம்ம சாமி, வைக்கிற பெயர் நம்ம பெயர், வீட்டில் பேசுகிற பாஷை மலாய். அந்தக் கம்போங் பிள்ளைகள் அநேகமாகத் தமிழ்ப் பள்ளிக்கு வருவதில்லை. தன் மகளாவது கோயிலில் தமிழில் பாடட்டும் என்று அவள் அம்மா ஆசைப்பட்டுக் கொண்டுவந்து விட்டிருந்தாள். நான் வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளை அதிகம் பேசாமல்தான் இருந்தாள். பாஷை வராத கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறதில் எனக்கு ஒரு பைத்தியம். எஸ்டேட்டில் மாட்டுப் பொங்கலுக்கு வகுப்பில் பாதிப் பேருக்குக் காகிதக் கொம்பு கட்டி, மீதிப் பாதியைக் கும்பிட விட்டேன். கும்பிட்டவர்களுக்குப் பிறகு கொம்பு, கொம்பு வைத்தவர்களுக்குப் பிறகு கும்பிடு. ஒரு மாடு இன்னொரு மாட்டை முட்டி மூக்கில் ரத்தம் வந்ததைத் தவிர எல்லாம் நல்லபடியாக நடந்தது. அந்தத் தெம்பில்தான் இங்கே கண்ணன் பிறந்த நாளைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணன் பாதம் போடத் தெரியுமா உங்களுக்கு? சில பேர் விழிக்கிறீர்கள். அரிசி மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கையை முஷ்டியாக மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குழந்தையின் உள்ளங்கால் மாதிரியே விழும். பிறகு விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால் விரல். இடது கையால் இடது கால், வலது கையால் வலது கால். வாசலிலிருந்து சாமி இருக்கிற இடம் வரைக்கும் போட்டுக்கொண்டு போவார்கள், கண்ணன் வீட்டுக்குள் நடந்து வந்தான் என்று.

பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நான் போய்ப் போட்டேன். வாசலிலிருந்து வகுப்புக்குள், பெஞ்சுகளுக்கு நடுவே, கண்ணன் படம் வரைக்கும். படத்துக்கு முன்னால் ஒரு மண் சட்டியில் கடலை உருண்டை. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் குறும்பு விடாதே! சட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். அங்கிருந்து பாதத்தைத் திருப்பி, பின்கதவு வழியாக, கடைசிப் படி வரைக்கும் வெளியே போகிற மாதிரிப் போட்டேன். திருடிவிட்டு ஓடிய கண்ணன். அந்த உருண்டைகளை எல்லாம் காகிதத்தில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அந்தக் கடைசிப் படிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிள்ளைகள் தடம் பிடித்துப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய வாத்தியார் வந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"டீச்சரம்மா, சாமி பாதம் உள்ள வர்ற மாதிரிதான் போடுவாங்க. வெளிய போற மாதிரி எங்கயும் நான் பாத்ததில்ல."

"திருடிட்டு ஓடுறான் சார். ஓடுற திருடன் வெளியதானே ஓடுவான்?"

"நல்லா பேசுறீங்க லா," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! ஒருத்தன் பாதத்தை மிதிக்காமல் எம்பி எம்பிக் குதிக்கிறான். ஒருத்தி சட்டியை மோந்து பார்க்கிறாள். "டீச்சர், அவன் எல்லாத்தையும் தின்னுட்டான் டீச்சர்!" என்று ஒரே புகார். சிவகாமி மட்டும் கத்தவில்லை. ஒரு பாதத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் கையை அதன் மேல் படாமல் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு என்னைத் தேடி வந்தாள். அந்தப் பிள்ளை தானாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சிக்கு, இது சின்னக் கால்," என்றாள். டீச்சரை மலாய்ப் பழக்கத்தில் அவள் சிக்கு என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆமாம்மா, குட்டிக் கால்."

"இப்போ எங்க?"

"சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் ஓடிட்டான்." பின்கதவைக் காட்டினேன்.

"திரும்பி வருமா?"

"கூப்பிட்டா வருவான்," என்றேன்.

இதையெல்லாம் யோசித்தா பேசுவோம்? பிள்ளை கேட்கிறது, பதில் சொல்கிறோம். நீங்களும் நாள் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பொட்டலங்களைக் கண்டுபிடித்தார்கள், தின்றார்கள், கையைச் சட்டையில் துடைத்தார்கள். ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்தது. வாய்ப்பாடு ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன், சிவகாமியின் இடம் காலியாக இருந்தது. கொல்லைக்குப் போயிருப்பாள் என்று விட்டேன். இன்னொரு வாய்ப்பாடும் முடிந்தது. அப்போதும் வரவில்லை.

"சிவகாமி எங்கே?"

முன்வரிசையில் இருந்த பெண் சொன்னாள், "அவ பின்னாடி போனா டீச்சர். உருண்டைய தின்னவே இல்ல. கையில வச்சிக்கிட்டே போனா."

நான் தட்டியைத் தாண்டிப் போய்ப் பெரிய வாத்தியாரிடம் சொன்னேன், செட்டிப் பிள்ளையைக் காணவில்லை, பின்பக்கம் போனாளாம் என்று. சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டார்.

"பின்னாடியா? ஓடைப் பக்கமா?"

"ஏன் சார்?"

"அவ தம்பி அந்த ஓடையிலதான் முழுகிப் போனான் டீச்சரம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடி. நடக்கப் பழகின புள்ள, ரெண்டு வயசு."

 சின்னக் கால் என்று அவள் சொன்னது காதுக்குள் கேட்டது. கூப்பிட்டால் வருவான் என்று நான் சொன்னதும் கேட்டது. தட்டியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் புதர், அதற்குப் பின்னால் ஓடை. அந்த ஓடை போய் மலாக்கா ஆற்றில் விழும். கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் ஓடையும் ஏறும். காலையில் வெறும் சேறாகக் கிடக்கிற இடத்தில் மத்தியானம் ஆள் மூழ்கும்.

இந்த இடத்தில் இரண்டு காரியம் நடந்தது. உங்களுக்கு உபயோகப்படும், கேளுங்கள். பெரிய வாத்தியார் பெரிய வகுப்புப் பையன்களை எல்லாம் நாலா பக்கமும் தேட அனுப்பப் போனார். நான் கத்தினேன், "யாரும் போகக்கூடாது சார்! ஒரு பிள்ளையைத் தேடப் போய் இன்னொன்றைத் தொலைக்கவா?" அவர் நின்றார். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மெர்டேக்காவுக்குப் பழகிக்கொண்டிருந்த பாட்டைச் சத்தமாகப் பாடச் சொல்லி, கதவைச் சாத்தினோம். அது என் புத்தி. இன்னொன்று அவர் புத்தி. பிள்ளையின் அம்மாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றார். நான் கெஞ்சினேன், "முதல்ல தேடிப் பாப்போம் சார், பக்கத்துலதான் இருப்பா, கிடைச்சதும் சொல்லலாமே." அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"கிடைக்கலன்னா எப்போ சொல்லுவீங்க?" என்றார். ரோட்டில் கொடிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, சைக்கிளில் செட்டி கம்போங்குக்கு விரட்டினார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். புதருக்குள் ஒற்றையடிப் பாதை. முள் கிழித்தது. ஈர மண் வந்ததும் தடம் தெரிந்தது. நிஜப் பாதம், ஏழு வயசுப் பிள்ளையின் வெறுங்கால். போகிற தடம் மட்டும்தான் இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. நான் முருகா முருகா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். எதையோ பார்த்து உடும்பு ஒன்று தண்ணீருக்குள் சரசரவென்று இறங்கியதும் அவள்தான் விழுந்தாள் என்று நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "அடெக்! மாரி! அடெக்!" தம்பி, வா, தம்பி என்று மலாயில். அழுகை இல்லாத குரல். விளையாடக் கூப்பிடுகிற குரல்.

உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஒரே நொடிதான். கரையோர நீப்பாப் பனை ஓலைகளை விலக்கிப் பார்த்தால், ஓடைக்கு நடுவே ஒரு சேற்றுத் திட்டில் நிற்கிறாள். தண்ணீர் இல்லாதபோது நடந்து போயிருக்கிறாள். இப்போது அவளைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கணுக்கால் மறைந்துவிட்டது. கையில் கடலை உருண்டைப் பொட்டலத்தை நீட்டிப் பிடித்திருந்தாள்.

பெரிய வாத்தியார் யோசிக்காமல் இறங்கினார். இரண்டாவது அடியில் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். கனமான மனிதர். வேரைப் பிடித்து, நான் இழுத்து, அவர் மேலே வருவதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. இந்தக் கூத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை பின்னால் ஓர் அடி வைத்தாள். அவளுக்குப் பின்னால்தான் ஆழம். 

நிலைமை புரிகிறதா? நாங்கள் போக முடியாது. நீந்த எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவள் போன வழியில் அடியில் கெட்டியான மேடு இருக்கிறது, அவள் எடைக்குத் தாங்கும். அவளாகத் திரும்பி நடந்து வந்தால் உண்டு. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் அதுவும் இல்லை.

"சிவகாமி, வாம்மா. டீச்சர்கிட்ட வா."

"தாக் மாவ்." மாட்டேன் என்றாள். "அடெக் வரணும்."

பெரிய வாத்தியார் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். மேல்மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், "தம்பி வகுப்புல வந்து உக்காந்திருக்கான்னு சொல்லுங்க. ஓடி வந்துருவா. பொய்தான், இருக்கட்டும். உசுரு முக்கியம்."

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீங்களாக இருந்தாலும் திறந்திருப்பீர்கள். ஆனால் சொல் வரவில்லை. அவள் ஓடி வருவாள், வகுப்பைப் பார்ப்பாள், தம்பி இருக்க மாட்டான். மறுபடியும் ஓடையைத் தேடித்தானே போவாள்? நாளைக்குப் போவாள், நாளை மறுநாள் போவாள். அப்போது பார்க்க யார் இருப்பார்கள்? இதை நான் ஆற அமர யோசித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன், பொய் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

"சிவகாமி, அந்தக் கால் உன் தம்பியோடது இல்லம்மா. டீச்சர் போட்டது."

"பொய்," என்றாள். "சின்னக் கால். சிக்கு கால் பெரிசு."

"டீச்சர் கையால போட்டது."

"பொய். பக்கத்து வீட்டு பாபா செத்துப் போனப்போ தரையில மாவு போட்டாங்க. காலையில கால் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவள் குடியிருந்த தெருவில் பாபா சீனர்களும் உண்டு. ஆள் செத்த ஏழாம் நாள் ஆவி வீட்டுக்கு வரும், தடம் தெரியும் என்று தரையில் மாவு தூவுகிற வழக்கம் அவர்களுக்கு. என் ஊரில் மாவில் பாதம் விழுந்தால் குழந்தைக் கண்ணன் வந்தான். அவள் தெருவில் மாவில் பாதம் விழுந்தால் செத்தவர் வந்தார். அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் நம்பியிருக்கிறாள், அதில் என்ன தப்பு?

தண்ணீர் அவள் கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது. நான் அப்படியே ஓரத்தில் சேற்றில் மண்டியிட்டேன். இடது கையை முஷ்டி பிடித்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டி, சேற்றில் ஒற்றினேன். எடுத்தேன். பாதம். விரல் நுனியால் ஐந்து பொட்டு. பிறகு வலது கை. மறுபடியும் இடது. வரிசையாக அந்தக் குட்டிக் கால் சேற்றில் நடந்து போயிற்று. அவசரத்தில் ஒரு பாதம் கோணலாகக்கூட விழுந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கையைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள். பொட்டலத்தை நீட்டியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"அப்போ அடெக் வரலையா?"

"வரலம்மா."

"நான் கூப்பிட்டேன்."

"அவனுக்குக் கேக்காதும்மா. அவன் இனிமே வரமாட்டான்."

அவள் திரும்பி, பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிள்ளைகளே, என் ஆயுசில் நான் பயந்தது அந்தப் பார்வைக்குத்தான். உண்மையைச் சொல்லிக் கொன்றுவிட்டேனே, பேசாமல் பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று மனசு அலறியது. பெரிய வாத்தியார் கும்பிட்ட கையோடு நின்றார்.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது, ஒரு பெரிய அழுகை. அழுதுகொண்டே எங்களைப் பார்த்து நடந்து வந்தாள். அழுகிற பிள்ளை ஆளைத் தேடித்தான் வரும். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாதி வழியில் அவள் கால் வழுக்கி, தண்ணீர் மார்பு வரைக்கும் போய்விட்டது. நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் சட்டை என் கைக்குக் கிடைத்தது. பெரிய வாத்தியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்ததில் மூன்று பேரும் கரையில் விழுந்தோம்.

சரி, இப்போது சொல்லுங்கள், பண்டிகையை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாதா? நான் கொண்டுவந்தேன். அடுத்த வருஷமும் பாதம் போட்டேன், அதற்கடுத்த வருஷமும் போட்டேன். உள்ளே வருகிற பாதம் மட்டும். ஆனால் மாவைக் கரைக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசலுக்கும் போய், இந்த வருஷம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு வருவேன். சில வீட்டில் திட்டினார்கள், சில வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நமக்கு வேடிக்கையாக இருப்பது அடுத்த வீட்டில் வேறொன்றாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குக் கேட்க வாய் கூசக்கூடாது.

இன்னும் முடியவில்லை, எழுந்து போகாதீர்கள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு புதர்ப் பாதையில் வந்தேன். அழுது அழுது களைத்து என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். தலை முதல் கால் வரைக்கும் சேறு. எதிரே அவள் அம்மா ஓடி வந்தாள், செருப்பில்லாமல், சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். சேறு பூசிய பிள்ளையை ஒருவர் தூக்கி வருவதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள். அது என் மரமண்டைக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "உயிரோட இருக்கா!" என்று கத்தப் பார்த்தேன். தூக்கி வந்த மூச்சிரைப்பில் காற்றுதான் வந்தது.

சிவகாமி தலையைத் தூக்கினாள். "மாக்," என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

அந்த அம்மா எழுந்து வந்து பிள்ளையைப் பிடுங்கினாள். முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அடி விழும் என்றுதான் நின்றேன், விழுந்திருந்தால் வாங்கியிருப்பேன். என்ன நடந்தது என்று கேட்டாள். பெரிய வாத்தியார் என் கையைப் பிடித்து அமுக்கினார், இப்போது வேண்டாம் என்று. நான் நிறுத்தவில்லை. மாவு, பாதம், கூப்பிட்டால் வருவான் என்று நான் சொன்னது, கடைசியாக ஓடைக் கரையில் சொன்னது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன்.

 பிறகு அவள் பேசியதும் மலாய்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அடெக் வரமாட்டான்னு இவகிட்ட சொல்லிட்டீங்களா சிக்கு?"

"சொல்லிட்டேன்."

"என்ன செஞ்சா?"

"அழுதா."

"அவன் போனதிலேருந்து இவ ஒரு சொட்டு அழல," என்றாள். "பொங்கலுக்கு முந்தின நாள் எங்க வீட்டுல செத்தவங்களுக்கு இலை போட்டுப் படைப்போம். பர்ச்சு. அன்னிக்கு அடெக் சாப்பிட வருவான், இருந்து பாருன்னு நான்தான் சொல்லி வச்சேன். தினம் கேப்பா, தினம் சொல்லுவேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல சிக்கு. நானே அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்."

பிள்ளையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சேற்றைத் தன் கையால் வழித்துவிட்டாள். அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னாள், "அடெக் சுடா தாக் அடா, சாயாங்." தம்பி இல்லை, கண்ணு.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மா அழுதாள்.